அளவு பார்த்த வண்டி

சங்கரலிங்கம் எந்தச் சாமானையும் அளவு பார்க்காமல் வாங்க மாட்டார். பீரோ வாங்குவதற்கு முன்னால் வாசல்படியை அளப்பார். கட்டில் வாங்குவதற்கு முன்னால் அதன் நாலு காலும் வரப்போகிற இடத்தில் சாக்பீஸால் குறி வைத்துவிட்டுத்தான் கடைக்குப் புறப்படுவார். பெண் பார்க்க வந்த அன்றும் சட்டைப்பையில் டேப்போடுதான் வந்தார் என்று அவர் மனைவி வேல்விழி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அது பொய்தான். ஆனால் ஆமத்தூரில் அதை நம்பாதவர் ஒருவரும் இல்லை.

அவருடைய தொழிலும் அப்படி. சிவகாசி அச்சகங்களிலிருந்து பட்டாசு லேபிள் கட்டுகளையும், மடிக்காத கிப்ட் பாக்ஸ் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போய் தாயில்பட்டிப் பக்கத்துக் கம்பெனிகளில் இறக்குவது. பல வருஷமாக மோட்டார் சைக்கிளில்தான் எல்லாம். சீசன் நேரத்தில் பெட்ரோல் டேங்கின் மேல் ஒரு கட்டு, பின்னால் முதுகு உயரத்துக்கு ஓர் அடுக்கு. ஒரு தூறல் விழுந்தால் போதும், அட்டையின் ஓரம் பொங்கிவிடும். கம்பெனி ஸ்டோரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே இந்த வருஷம் சீசன் சூடு பிடிப்பதற்குள் ஒரு பழைய கார் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார். லோடும் ஏற வேண்டும், வேல்விழியை வேலைக்குக் கொண்டுபோய் விடவும் வேண்டும். அவர் லோடு இறக்குகிற கம்பெனிகளில் ஒன்றில்தான் அவளுக்கு வேலை. புஸ்வாணப் பூச்சட்டிக்கு வெடிமருந்து செலுத்தும் அறையில்.

விருதுநகரில் மதுரை ரோட்டோரம் பழைய கார் வாங்கி விற்கிற இக்பாலின் ஷெட்டுக்கு இருவரும் போனார்கள்.

"வாங்க அண்ணாச்சி. தங்கச்சி, நீங்க அந்தச் சேர்ல உக்காருங்க. அண்ணாச்சி அளந்து முடிக்கதுக்குள்ள எனக்குச் சாயங்கால அஸர் தொழுகை வந்துரும்," என்றார் இக்பால்.

முதலில் டிக்கி தனியாகப் பின்னால் துருத்திக்கொண்டிருக்கிற வண்டி ஒன்றைக் காட்டினார். சங்கரலிங்கம் கையை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"ஆழம் இருக்கு. வாய் சின்னது. அட்டையை ஒருக்களிச்சுத்தான் நுழைக்கணும். ஒரு தடவை உரசுனா லேபிள்ல இருக்கிற கிளிக்கு மூக்கு போயிரும்."

"அப்ப இதப் பாருங்க. ஏழு பேர் போற வண்டி. பின்னாடி ரெண்டு வரிசையையும் மடக்கிட்டா ஒரு கல்யாணச் சீர்வரிசையே போகும்."

"எங்க தெருவுக்குள்ள திரும்பாது இக்பாலு."

"உங்களுக்கு வண்டி வேண்டாம் அண்ணாச்சி, சக்கரம் வச்ச குடோன் வேணும்," என்று சொல்லிக்கொண்டே மூன்றாவதாக ஒன்றைக் காட்டினார். சாம்பல் நிறம். கூரை உயரம், உடம்பு குட்டை. பின்கதவு மேலே தூக்குகிற மாதிரி. திறந்தால் வாய் பம்பர் வரைக்கும் இறங்கி இருந்தது. சாமானைத் தூக்கி ஏற்ற வேண்டாம், வைத்துத் தள்ளிவிட்டால் போதும். பின் சீட்டு இரண்டு துண்டாக மடங்கியது. மடக்கியபின் தளம் ஏறக்குறைய மட்டமாகவே இருந்தது. சக்கரம் வருகிற இடத்தில் இரண்டு பக்கமும் மேடு. அந்த இடத்துக்குச் சின்னக் கட்டுகள் சரியாக இருக்கும் என்று சங்கரலிங்கம் மனதுக்குள் அடுக்கிப் பார்த்துக்கொண்டார்.

நீளம் சரி, அகலம் சரி, உயரம் சரி. குறுக்குவாட்டில்தான் சந்தேகம். டிரைவர் சீட்டின் முதுகிலிருந்து இடது பின்மூலை வரைக்கும் டேப்பை இழுத்தார். டேப் நடுவில் தொய்ந்தது. இன்னொரு தடவை இழுத்தார். மறுபடியும் தொய்ந்தது.

வேல்விழிக்குப் பொறுமை போய்விட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தாள்.

"தள்ளுங்க. நான் படுத்துக் காட்டுறேன். நான் அடங்குனா உங்க அட்டையும் அடங்கும்."

"ஏ வேலு, சேலை அழுக்காயிரும்."

"கம்பெனிச் சேலைதான்."

ஏறிப் படுத்தாள். தலை டிரைவர் சீட்டுக்குப் பின்னால், கால் இடது மூலையில். வீட்டில் படுக்கிற மாதிரியே ஒருக்களித்து, இடது கையை மடக்கித் தலைக்கு வைத்து, ஒரு முழங்காலை லேசாக மடக்கிக்கொண்டாள். "கதவை மூடிப் பாருங்க அண்ணே, இடிக்குதான்னு," என்றாள் இக்பாலிடம். இக்பால் கதவை இறக்கினார். பொதுக்கென்று பூட்டிக்கொண்டது. எங்கும் இடிக்கவில்லை.

"சொகமா இருக்குங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

இக்பாலும் சங்கரலிங்கமும் ஸ்டெப்னி டயரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசியிருப்பார்கள். கதவைத் தூக்கினால் வேல்விழி கண்ணை மூடியிருந்தாள். கூப்பிட்டதற்கு எழவில்லை. சங்கரலிங்கம் காலைப் பிடித்து ஆட்டிய பிறகுதான் விழித்தாள்.

"தூங்கிட்டேனா?"

"இந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ளயா?" என்று இக்பால் சிரித்தார். "முடிங்க அண்ணாச்சி. தங்கச்சிக்கே வண்டி பிடிச்சுப் போச்சு."

வண்டி ஆமத்தூருக்கு வந்தது.

அதற்குப் பிறகு வேல்விழி கம்பெனி வேனில் போவதை விட்டுவிட்டாள். முதல் நாள் காலையில் கம்பெனி கேட்டுக்கு முன்னால் காரை நிறுத்தியதும் வேலைக்கு வந்த பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். அதில் முருகம்மாள் என்று ஒருத்தி. வேல்விழியோடு அதே அறையில் மருந்து செலுத்துகிறவள்; தாயில்பட்டிக்காரி. சங்கரலிங்கத்தை அண்ணன் என்றும் வேல்விழியை மதினி என்றும் முறை வைத்துக் கூப்பிடுவாள்.

"என்ன மதினி, முதலாளியம்மா மாதிரி இறங்குறீக! நாளைக்கு எங்களுக்குக் கூலி நீங்கதான் போடுவீகளோ?" என்று கேலி பேசிக்கொண்டே பின்பக்கம் போனாள். "பாய் விரிச்சுப் பாத்தீகளா அண்ணே?"

சங்கரலிங்கத்துக்குப் புரியவில்லை. அவர் ஆமத்தூர்க்காரர், இந்தப் பக்கத்து வழக்கம் தெரியாது. அவளே சொன்னாள். தாயில்பட்டியில் கார் வாங்குகிறவர்கள் மைலேஜைக் கேட்பதற்கு முன்னால் பின் சீட்டை மடக்கச் சொல்வார்கள். வெடி விபத்து என்றால் ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை நிற்க முடியாது. தெருவில் எந்த வண்டி கிடக்கிறதோ அதில் ஆளைக் கிடத்திக்கொண்டு ஓட வேண்டியதுதான். அதனால் ஒரு கோரைப்பாயைக் கொண்டுபோய் உள்ளே விரித்துப் பார்ப்பார்கள். பாய் மடங்காமல் விரிந்து, கதவும் மூடினால் அந்த வண்டி நல்ல வண்டி.

"பாய் எதுக்கு?" என்றார் சங்கரலிங்கம். "உங்க மதினியே படுத்துப் பாத்தா. கச்சிதமா அடங்கிட்டா."

சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கேட்டுக்குள் நடந்தார்கள். முருகம்மாள் மட்டும் நின்றாள்.

"கதவை மூடினீகளா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"மூடிப் பாத்தாத்தான அளவு தெரியும்."

அவள் வேல்விழியின் முதுகில் கையை வைத்து, "வாங்க மதினி, நேரமாச்சு," என்று கூட்டிக்கொண்டு போனாள்.

அந்தக் கம்பெனிக்கு முதல் லோடு அந்த வாரமே வந்தது. சிவகாசியில் சங்கரலிங்கம் தானே அடுக்கினார். கனமான லேபிள் கட்டுகள் கீழே, அட்டைகள் மேலே, சக்கர மேட்டை ஒட்டிச் சின்னக் கட்டுகள். ஒரு தீப்பெட்டி நுழையச் சந்து இல்லை. தாயில்பட்டி வந்து கதவைத் தூக்கியபோது சரக்கு இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கச் சுவரோடும் ஒதுங்கி நின்றது. நடுவில் வலது முன்மூலையிலிருந்து இடது பின்மூலைக்குச் சாய்வாக, நீளமாக ஒரு காலி இடம். தளத்து விரிப்பு அப்படியே தெரிந்தது.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற செழியன் எட்டிப் பார்த்தான். "என்னண்ணே, யாரையும் படுக்கப் போட்டுக் கூட்டிட்டு வந்தீகளா?"

"பிரேக் அடிச்சதுல நகந்திருக்கும்."

"பிரேக் அடிச்சா முன்னாடிதான போகும்? இது பாதை விட்டுல்ல நிக்குது."

செழியன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் சங்கரலிங்கம் யோசிக்கிறவர். சரக்கு சரிந்தால் ஓரம் நசுங்க வேண்டும், கட்டு குலைய வேண்டும். இங்கே ஒரு கட்டுகூடக் குலையவில்லை. பஸ்ஸில் படுத்திருக்கிற ஆளை எழுப்பாமல் சுற்றிலும் இருக்கிறவர்கள் ஒதுங்கி உட்காருவார்களே, அந்த மாதிரி ஒதுங்கியிருந்தது.

அடுத்த லோடுக்கு நைலான் கயிறு போட்டு இறுக்கினார். முடிச்சுப் போட்டபடியே இருந்தது. கயிறு தொய்யவும் இல்லை. நடுவில் இடம் விட்டிருந்தது. அதற்கு அடுத்த லோடை வீட்டுவாசலில் இரவு முழுவதும் நிறுத்தி வைத்திருந்தார். வண்டி ஓடவே இல்லை. காலையில் பார்த்தால் அதிலும் இடம்.

வீட்டுப் பின்சுவர் பூசுவதற்காக ஆலங்குளம் சிமெண்ட் மூட்டைகள் எடுத்து வந்த அன்றைக்குத்தான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. கடைப் பையன்கள் இரண்டு பேராகப் பிடித்து ஏற்றிய மூட்டைகள். நிறைக்கப் போட்டிருந்தார். ஆமத்தூரில் திறந்தால் அவையும் ஒதுங்கியிருந்தன. பூப்போல எடுத்து வைத்ததுபோல, விரிப்பில் இழுபட்ட தடம் இல்லை. சிமெண்ட் தூசி ஒரு பொட்டுச் சிந்தவில்லை. அட்டைகள் காட்டாத ஒன்றை மூட்டைகள் காட்டின. ஓரங்கள் புடைத்து வளைந்து அந்தக் காலி இடத்துக்கு ஓர் உருவம் கொடுத்திருந்தன. மேலே, தலைக்கு மடக்கிய ஒரு முழங்கைக்கான இடம். கீழே, லேசாக மடங்கிய ஒரு முழங்காலுக்கான இடம்.

இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவர். அது யார் படுக்கிற தினுசு என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

விரிப்பின்மேல் உள்ளங்கையை வைத்தார். இப்போதுதான் எழுந்து போன படுக்கையின் சூடு இருந்தது.

அன்று சாயங்காலம் வேல்விழி வீட்டுக்கு வந்து கையில் ஒட்டிய அலுமினியத் தூளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"வேலையை விட்டுரு வேலு."

"எதுக்கு?"

"இந்த வருசம் போதும். லோடு நல்லா ஓடுது."

"தீபாவளி வரப்போகுது. இப்பப் போய் நிக்கிறேன்னா போர்மேன் என்ன சொல்லுவாரு? அந்த ரூம்ல கை பழகின ஆளு நானும் முருகம்மாவுந்தான். நான் நின்னா அங்கன புதுசா ஒரு பிள்ளையக் கொண்டுவந்து உக்கார வைப்பாக. அது கை பதறி எதையாவது செஞ்சு வச்சா முருகம்மா கதி என்ன?" அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? வண்டில எங்கயும் இடிச்சிட்டீகளா?"

மருந்துக்கு முன்னால் உட்காருகிறவளிடம் போய் இதை எப்படிச் சொல்வது? சொன்னால் அவள் கை பதறும். அந்த அறையில் கை பதறக் கூடாது.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக்குப் போய் முருகம்மாளை மட்டும் கேட்டுக்கு வெளியே கூப்பிட்டார். அவள் தூக்குவாளியை மூடி வைத்துவிட்டு வந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

"இடம் விடுதா அண்ணே?"

அவர் தலையை ஆட்டினார். அவள் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்தாள். அவரும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"வண்டியை இக்பால்ட்டயே திருப்பிக் குடுத்துரலாம்னு இருக்கேன்."

"குடுத்து? உசிரோட இருக்கிற ஆளக் கிடத்திக் கதவை மூடி அளவு குடுத்தது நீங்க. வண்டி கேட்டு வாங்கல. அது எவர் கையில இருந்தாலும் அந்த ஆளத் தூக்கிட்டுப் போற நாளைக்கு இந்தக் கேட்டுல வந்து நிக்கும். வேற ஆளு ஓட்டிட்டு வருவாக, அம்புட்டுத்தான்."

"இதுக்கு வழியே கிடையாதா முருகம்மா?"

அவள் சேலை முந்தியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று அவளுக்குள் ஓடியது தெரிந்தது.

"எங்க அண்ணன் ஆண்டிச்சாமி ஆம்னி வண்டி ஒண்ணு வச்சிருந்தாரு. சின்னதுல நான் விளையாட்டா அதுல ஏறிப் படுத்துட்டேன். எவனோ கதவைச் சாத்திட்டான். அதுக்கப்புறம் வாழைத்தார் ஏத்துனாலும் இடம் விடும், செங்கல் ஏத்துனாலும் இடம் விடும். எங்க அண்ணனுக்கு விசயம் விளங்கிப்போச்சு. ஒரு நாள் யார்ட்டயும் சொல்லாம அதே இடத்துல அவரு படுத்துக்கிட்டாரு. கதவையும் சாத்தச் சொல்லிட்டாரு. ஒரு அளவு மேல இன்னொரு அளவு விழுந்தாப் பழசு அழிஞ்சுரும்னு அவருக்கு யார் சொன்னாகளோ தெரியல. அழிஞ்சுருச்சு."

"பெறகு?"

"அவரு பட்டாசுக் கம்பெனிப் பக்கமே வராதவரு. தோட்டத்துல மோட்டார் போடப் போனாரு, கரண்டு அடிச்சிருச்சு. அந்த ஆம்னிலதான் கொண்டுபோனோம். நல்ல உயரமான மனுசன். கால் மடங்காம அப்படியே அடங்கினாரு." எழுந்து மண்ணைத் தட்டினாள். "நீங்க கேட்டீகன்னு சொன்னேன். செய்யுங்கன்னு நான் சொல்லல. மதினி கேட்டா நான் வாயே திறக்கலைன்னு சொல்லிருங்க."

சங்கரலிங்கம் அங்கிருந்து நேராக விருதுநகருக்கு விட்டார். வழியெல்லாம் ஜன்னலை இறக்கியே வைத்திருந்தார். காகிதமும் சிமெண்டும் தவிர வேறு சரக்கு ஏறாத வண்டியில் வெடிமருந்து வாடை அடித்தது.

அந்தப் பின்கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. வெளியிலிருந்து ஒருவர் மூடினால்தான் மூடும். அதற்குத்தான் இக்பாலைத் தேடிப் போனார். ஊர்க்காரர்கள் யாரையும் கேட்க முடியாது. முருகம்மாள் நிச்சயம் செய்ய மாட்டாள். ஒன்றும் தெரியாத மனுஷன் இக்பால் ஒருவர்தான்.

"நீளமா ஒரு போர்டு ஏத்த வேண்டியிருக்கு," என்று பொய் சொன்னார். "என் உயரம்தான் போர்டு. படுத்துப் பாக்கிறேன். கதவை மூடு."

"புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் ஏன் அண்ணாச்சி என் ஷெட்டுக்கே வந்து தூங்குறீக?"

சங்கரலிங்கம் ஏறிப் படுத்தார். வேல்விழியின் தலை இருந்த இடத்தில் தலை. கால் வெளியே நீட்டிக்கொண்டது. அவர் அவளைவிட ஒரு முழம் உயரம். முழங்காலை மடக்கினால் அடங்கியிருப்பார். ஆனால் அரைகுறை அளவு பழையதை அழிக்காமல் போய்விட்டால்? இறங்கிவிட்டார்.

"இந்த வண்டிக்கு நீங்க நீளம்," என்றார் இக்பால். "இருங்க, முன்பக்கத்து இடது சீட்டை முன்னாடி தள்ளிச் சாய்ச்சு விடுறேன். அங்கன தலைய வச்சுக்கிட்டீகன்னா எம்புட்டு நீளம் வேணும்னாலும் கிடைக்கும்."

வேல்விழி தினமும் உட்கார்ந்து வருகிற சீட் அது. இக்பால் அதன் அடியில் இருந்த கம்பியைத் தூக்கித் தள்ளினார். சங்கரலிங்கம் மறுபடி ஏறி, அந்தப் பக்கம் தலையைக் கொடுத்து, மல்லாந்து நீட்டிப் படுத்தார். பாதம் பின்கதவுக்கு உள்ளே அடங்கியது.

"மூடட்டுமா?"

"மூடு."

பொதுக்கென்று பூட்டிக்கொண்டது.

வெளியே இக்பாலின் போன் அடித்தது. அவர் பேசிக்கொண்டே நகர்ந்து போகிற சத்தம் கேட்டது. வெயில் நேரம்தான்; ஆனால் வண்டிக்குள் வெளிச்சம் மங்கி, சாயங்காலம் போல இருந்தது. ரோட்டில் போகிற லாரிகளின் இரைச்சல் எங்கோ தூரத்தில் கேட்டது. சங்கரலிங்கம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பயம் இருந்தது. கூடவே ஒரு வேலையைச் சரியாகச் செய்து முடித்த நிம்மதியும் இருந்தது.

இடது தோள்பட்டைக்குக் கீழே விரிப்பு சூடாக இருந்தது. அந்தச் சூடு இறங்கி இடுப்பு வரைக்கும், முழங்கால் வரைக்கும் ஓடியது. அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். தூங்குகிற ஆளின் நிதானமான மூச்சு ஒன்று அவருடைய மூச்சுக்கு இடையில் ஓடிக்கொண்டிருந்தது.

லோடு இறக்கிவிட்டு நேரம் கழித்து வருகிற நாட்களில் வேல்விழி தூக்கத்திலேயே செய்கிற ஒரு காரியம் உண்டு. கண் விழிக்க மாட்டாள். பாயின் நடுவில் கிடப்பவள் முந்தியை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்குவாள், அவர் படுப்பதற்கு. இப்போது அவருடைய தோளை ஒட்டியிருந்த சூடு மெதுவாக விலகியது. கண்ணாடி வளையல் ஒன்று தளத்தில் தட்டிற்று. அவர் படுப்பதற்கு இடம் விட்டு, அது ஓரமாக ஒதுங்கிக்கொண்டது.

"வேண்டாம் வேலு," என்றார் சங்கரலிங்கம். "நீ எந்திரிச்சுப் போ."

மூச்சு அதே நிதானத்தில் ஓடியது.

இக்பால் கதவைத் தூக்கியபோது அவர் சட்டை முழுதும் நனைந்திருந்தது. "போர்டு அடங்குதா அண்ணாச்சி?" என்று கேட்டதற்கு, அடங்குகிறது என்று தலையை ஆட்டினார்.

அன்று சாயங்காலம் சிவகாசியில் லோடு ஏற்றினார். வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தது. ஆகவே பாதி உயரத்துக்குத்தான் வந்தது. முன் சீட்டை நேராக்கி, எல்லாவற்றையும் சரிபார்த்து, ஆமத்தூரில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். காலையில் கதவைத் தூக்கும்போது காலி இடம் அவர் நீளத்துக்கு நீண்டிருந்தால் காரியம் முடிந்தது. வேல்விழிக்கு ஒன்றும் வராது. அவர் வேண்டியதெல்லாம் அதுதான். ராத்திரி அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அவள் கை பட்டால்கூட விலகிக் கிடந்தார்.

காலையில் அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தபோதே தூக்குவாளியோடு அவள் வண்டிக்குப் போய்விட்டாள்.

"என்னங்க! என் சீட்டுல லேபிள் கட்டா அடுக்கி வச்சிருக்கீக! நான் எங்க உக்கார?"

அவர் ஓடி வந்தார். இடதுபக்க முன் சீட்டு கண்ணாடி மட்டத்துக்கு நிறைந்திருந்தது. டிரைவர் சீட்டின் ஓரத்திலும் கட்டுகள் நெருக்கிக்கொண்டு நின்றன. அவர் பின்பக்கம் வந்து கதவைத் தூக்கினார்.

காலி இடம் நீளவில்லை. இரண்டாகியிருந்தது. ஒன்று சாய்வாக, முழங்காலும் முழங்கையும் மடக்கினபடி, ஓரத்துக்கு ஒதுங்கி. இன்னொன்று அதன் பக்கத்தில் நேராக, நீளமாக. இரண்டுக்கும் நடுவில் லேபிள் கட்டுகள் ஒற்றை வரிசையாக, ஒரு கை அகலத்துக்கு நின்றன.

வேல்விழி அவருக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

"இங்கன இம்புட்டு இடத்தைப் போட்டு வச்சுக்கிட்டா அங்கன அடுக்கினீக? விடுங்க, தாயில்பட்டி வரைக்கும் நான் இதுலயே ஏறி வந்துக்கிடுறேன்." தூக்குவாளியை உள்ளே வைத்துவிட்டு ஒரு முழங்காலைத் தூக்கி பம்பருக்கு மேலே வைத்தாள்.

சங்கரலிங்கம் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்த வேகத்தில் இருவரும் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"என்ன மனுசன் நீங்க! தெருவுல வச்சு..." என்றவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

அவர் சொன்னார். முறையாக, ஒன்றன்பின் ஒன்றாக, எதையும் விடாமல் சொன்னார். முதல் லோடு, கயிறு, சிமெண்ட் மூட்டை, முருகம்மாளின் அண்ணன், இக்பாலின் ஷெட். வளையல் சத்தத்தையும் சொன்னார். வேல்விழி கேட்டு முடித்ததும் எழுந்து வண்டிக்குள் குனிந்து, சாய்வாகக் கிடந்த இடத்தில் கையை வைத்தாள். எடுத்தாள். பக்கத்து இடத்தில் வைத்தாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்களை யாரு படுக்கச் சொன்னா?" அவள் குரல் எழும்பவில்லை, ஆனால் இத்தனை வருஷத்தில் அவர் அப்படியொரு கோபத்தைக் கேட்டதில்லை. "என்ட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா? எனக்குன்னு ஒரு இடம் இருந்துச்சுன்னா அது எம்பாடு. நீங்க பாட்டுக்கு வந்து பக்கத்துல படுத்துக்கிட்டா?"

"நீ போயிருவன்னு நினைச்சேன் வேலு. நான் படுத்தா நீ எந்திரிச்சுப் போயிருவன்னு."

"எங்க போவேன்?"

தெருவில் கம்பெனி வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவளை அதில் போகச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். முருகம்மாள் சொன்னது ஞாபகம் வந்தது. வண்டி எங்கே நின்றாலும் அந்த நாளைக்கு வந்து சேர்ந்துவிடும்.

வேல்விழி தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள். பிறகு முன் சீட்டுக்குப் போய் அங்கிருந்த கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கினாள். காலுக்குக் கீழே கொஞ்சம் வைத்தாள். கதவோரம் கொஞ்சம் சொருகினாள். மிச்சத்தை மடியில் வைத்துக்கொண்டு, கட்டுகளுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தாள். பின்னால் அவ்வளவு இடம் கிடந்தது. அதில் ஒரு கட்டைக்கூட அவள் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.

"எனக்கு எந்தப் பக்கம்?" என்று திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"ஓரத்துல."

"சரி. வாங்க, கேட்டைப் பூட்டிருவாக."

அவர் பின்கதவைப் பிடித்து இறக்கப் போனார். வேல்விழி முன்னாலிருந்து கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"மெல்ல மூடுங்க," என்றாள்.